ஈயத்தைப் பிடிக்கும் நார்த்தூள்



பொள்ளாச்சிப் பக்கம் சென்றால் நார் மில்களின் அருகே பழுப்பு நிறத் தூள் குவிந்து கிடப்பதைக் காணலாம். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் கழிவு இது. செடிகளுக்கு உரமாகப் பயன்படும் இத்தூள், நீரில் கரைந்துள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்து வைக்கவும் வல்லது. எப்படி என்று பார்ப்போமா?

கன உலோகம் ஏன் ஆபத்தானது?

சாணமும் சருகும் குளத்தில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துவிடுகின்றன. ஈயமோ ஒரு தனிமம். அதைச் சிதைக்க எந்த உயிராலும் இயலாது. உடலுக்குள் சென்றால் எலும்பிலும் பிற உறுப்புகளிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்.

ஜப்பானில் ஜின்சு ஆற்று நீரில் சுரங்கக் கழிவிலிருந்து காட்மியம் கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்ட மக்களின் எலும்புகள் நொறுங்கின. நோயின் பெயரே 'இதாய்-இதாய்'. அதாவது, 'வலிக்கிறது, வலிக்கிறது'! காட்மியமே இதற்குக் காரணம் என்பதை 1968ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு ஏற்றது.

நம் நாட்டுத் தர அளவின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. காட்மியத்திற்கு எல்லை 0.003 மில்லிகிராம்.

தூளுக்குள் இருப்பது என்ன?

தாவரச் செல்சுவரில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகியவை உள்ளன. இவற்றில் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். கார்பாக்சில் தொகுதிகள் குறைவு. கார்பாக்சில் தொகுதி நீரில் தன் ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின் சுமை பெறுகிறது. ஈய அயனியோ நேர்மின் சுமை உடையது. இரண்டும் ஒன்றையொன்று கவர்கின்றன. ஒட்டுப்புல் வேட்டியின் மேல் ஒட்டிக்கொள்வதுபோல, ஈயம் தூளின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பஞ்சு நீரை உறிஞ்சுவது வேறு, இது வேறு.

தூளைத் திருத்துவது எப்படி?

பச்சைத் தூளில் ஒரு குறை உண்டு. கார்பாக்சில் தொகுதிகள் போதாது. நீரில் பழுப்புச் சாயமும் இறங்கும். ஆகவே முதலில் அதை வெந்நீராலும், பிறகு நீர்த்த எரிசோடாக் கரைசலாலும் கழுவுகிறார்கள். காரம் போகும்வரை மீண்டும் நீரில் அலசுகிறார்கள். பின்னர் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சுமார் 120 டிகிரி செல்சியசில் சூடாக்குகிறார்கள்.

சிட்ரிக் அமிலம் எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான அதே பொருள்தான். அதன் மூலக்கூறில் மூன்று கார்பாக்சில் தொகுதிகள் உள்ளன. சூட்டில் ஒன்று செல்லுலோசின் ஹைட்ராக்சிலோடு பிணைய, பெரும்பாலும் மற்ற இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஈயத்தைப் பிடிக்கக் கொக்கிகள் கூடிவிட்டன அல்லவா?

நீரின் அமிலத்தன்மையும் முக்கியம். அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகளே கொக்கிகளைப் பற்றிக்கொள்ளும், ஈயத்திற்கு இடமிராது. பி.எச். மதிப்பு 5 அளவில் இருப்பது ஏற்றது. இந்த இயல்பே நமக்கு உதவியும் செய்கிறது. ஈயம் ஏறிய தூளை நீர்த்த அமிலத்தால் கழுவினால் ஈயம் பிரிந்துவிடும். தூளை மீண்டும் பயன்படுத்தலாம்.

ஒரு கணக்கு

ஒரு லிட்டர் கழிவுநீரில் 50 மில்லிகிராம் ஈயம் இருப்பதாகக் கொள்வோம். 2 கிராம் தூளைப் போட்டுக் கலக்கி வடிகட்டியபின் 2 மில்லிகிராம் எஞ்சுகிறது. நீங்கியது 48 மில்லிகிராம். எனவே ஒரு கிராம் தூள் பிடித்தது 24 மில்லிகிராம். நூற்றுக்கு 96 பங்கு நீங்கிவிட்டது!

நீரைக் குடிக்கலாமா? கூடாது. எஞ்சிய 2 மில்லிகிராம், குடிநீர் எல்லையைப்போல் 200 மடங்கு! விழுக்காட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எஞ்சியது எவ்வளவு என்றே கேட்க வேண்டும். அதனால்தான் தூளை நீண்ட குழாய்களில் நிரப்பி, நீரை ஒன்றன்பின் ஒன்றாகப் பலமுறை செலுத்துகிறார்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். ஈயம் நீரிலிருந்து தூளுக்கு இடம் மாறியதே தவிர, அழியவில்லை. அந்தத் தூளைச் செடிக்கு உரமாக இட்டால் ஈயம் மண்ணுக்குப் போகும். மண்ணிலிருந்து மறுபடியும் நீருக்கு வரும். தூளைக் கழுவிய அமிலத்திலிருந்தும் ஈயத்தைப் பிரித்துப் பாதுகாப்பாகச் சேர்த்து வைத்தால்தான் வேலை முடிந்ததாகும்.

சிந்தித்துப் பாருங்கள்: குரோமியம் நீரில் குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாகவும் இருக்கும். சிட்ரிக் அமிலம் ஏற்றிய இத்தூள் அதை எளிதில் பிடிக்குமா? இல்லையெனில், தூளின் மேல் எத்தகைய மின்சுமை உள்ள தொகுதியை ஏற்ற வேண்டும்?