படித்த பக்கம் எங்கே போச்சு?

கேள்வி: போன மாதம் மாடித்தோட்டம் பற்றி நல்ல கட்டுரை ஒன்றை இணையத்தில் படித்தேன். இப்போது எவ்வளவு தேடியும் சிக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, கரூர்

பதில்: கூகுளில் மறுபடி தேடுவதற்கு முன், உங்கள் பிரவுசரின் ஹிஸ்டரியைப் பாருங்கள். கணினியில் குரோம் 90 நாள் வரை பார்த்த பக்கங்களை வைத்திருக்கும். தலைப்பில் இருந்த ஒரு சொல்லோ, தளத்தின் பெயரோ நினைவிருந்தால் போதும். படித்தது போனில் என்றால் போனிலேயே தேடுங்கள். லிங்க் கிடைத்தும் பக்கம் திறக்கவில்லையா? அந்த முகவரியை வேபேக் மெஷின் என்ற இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். 1996 முதல் சேமித்த பக்கங்கள் அங்கே இருக்கின்றன.

இனிமேலுக்கு ஒரு யோசனை. பார்த்த பக்கத்தை மறுபடி எடுக்க மக்கள் என்ன செய்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஆய்வாளர் வில்லியம் ஜோன்ஸ் குழுவினர் 2001-லேயே ஆராய்ந்தார்கள். புக்மார்க் வசதி இருந்தும் பலர் லிங்கைத் தங்களுக்கே மெயில் அனுப்பிக்கொண்டார்கள். கூடவே, எதற்காக என்று ஒரு வரி எழுதலாமே! அந்த ஒரு வரிதான் முக்கியம் என்பேன். வெறும் லிங்க் நாளைக்கு நமக்கே புரியாது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பும்போது, “கத்தரிச் செடி, வேப்பம் புண்ணாக்கு அளவு” என்று சேர்த்து எழுதுங்கள். பிறகு ‘புண்ணாக்கு’ என்று தேடினாலே வந்துவிடும்.