நாஞ்சில் நாட்டுக் குடும்ப அமைப்பும் திரையில் தனிமையும்: 'சொல்ல மறந்த கதை', 'ஒழிமுறி' ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படங்களில் தனிமை பெரும்பாலும் காதற்பிரிவாலோ இறப்பாலோ நேரும் மனநிலையாகக் காட்டப்பெறுகிறது. நாஞ்சில் நாட்டு எழுத்தாளர்களின் படைப்புகளிலிருந்து உருவான 'சொல்ல மறந்த கதை' (2002), 'ஒழிமுறி' (2012) ஆகிய இரு படங்களும் ஆள் நிறைந்த வீட்டில் தமக்கென உரிமையான இடம் இல்லாதவரின் தனிமையைப் பேசுகின்றன. அத்தனிமை துணை கிடைப்பதால் மட்டும் தணிவதில்லை. வீட்டோடு கொண்ட உறவின் நிபந்தனை மாறும்போதே தணிகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தனிமை, புலம்பு, மருமக்கள்வழி, நாஞ்சில் நாடு, திரைப்படத் தழுவல்.

முன்னுரை

தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் உரைக்கிறது. பிற்காலத்தில் அச்சொல் வாய்விட்டு அரற்றுதலைக் குறிக்கலாயிற்று. தனித்திருத்தலும் அத்தனிமையைப் பிறர் கேட்கச் சொல்லுதலும் ஒரே சொல்லுள் அடங்கியிருப்பது கருதத்தக்கது. அகப்பாடல்களில் தனிமைக்குக் காரணம் தலைவனோ தலைவியோ உடனில்லாமை. இங்கு ஆய்வுக்குரிய படங்களிலோ கணவன், மனைவி, பெற்றோர் என எல்லோரும் உடனிருக்கின்றனர். ஆயினும் தனிமை நீங்கவில்லை. இம்முரணுக்கான விடையை வட்டாரத்தின் குடும்ப அமைப்பில் தேடுவது பொருந்தும்.

'ஒழிமுறி' மலையாளப் படம். இருப்பினும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்தமையாலும், படம் இவ்வட்டாரத்தின் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சைக் கையாளுவதாலும் தமிழாய்வின் எல்லைக்குள் அது அடங்கும்.

வீட்டில் விருந்தினர் யார்?

மருமக்கள்வழி முறையில் சொத்துரிமை ஆணின் மக்களைச் சேராமல் அவன் சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. நாயர் குடும்பங்களில் பெண் தன் தறவாட்டிலேயே வாழ்ந்தாள். கணவன் அங்கு வந்துபோகும் நிலையினன். அவனுடைய பாயையோ வெற்றிலைச் செல்லத்தையோ வாசலில் வைத்துவிட்டால் உறவு முடிந்தது எனக் கொள்ளும் வழக்கம் பற்றிய செய்திகள் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலைமை வேறு. மருமக்கள்வழியைப் பின்பற்றிய குடும்பங்களில் மனைவி கணவன் வீட்டில் வாழ்ந்தாள். ஆனால் அவ்வீட்டுச் சொத்தில் அவளுக்கும் அவள் மக்களுக்கும் முழு உரிமை இல்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' இந்நிலையைக் காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவியின் கூற்றாக அமைத்துக் காட்டுகிறது.

ஆக, ஓர் அமைப்பில் கணவன் விருந்தினன். மற்றோர் அமைப்பில் மனைவி விருந்தினள். 1925ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் நாயர் சட்டமும், 1926ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் இம்முறையை மக்கள்வழிக்குத் திருப்பின. சட்டம் சொத்தின் வழியை மாற்றியது. விருந்தினராய் வாழ்ந்தவரின் அச்சத்தையும் அவமானத்தையும் அதனால் உடனே மாற்ற இயலவில்லை. இந்த எச்சமே இரு படங்களின் கதைக்களம்.

சொல்ல மறந்த கதை: மருமகனின் தனிமை

நாஞ்சில் நாடனின் முதல் நாவலான 'தலைகீழ் விகிதங்கள்' (1977) தங்கர் பச்சான் இயக்கத்தில், சேரன் நடிப்பில் இப்படமாயிற்று. நாவலின் உயிராகிய நாஞ்சில் பேச்சுமொழி திரையில் பின்தங்கிவிடுகிறது. எனினும் அதன் மையச் சிக்கல் சிதையவில்லை. படித்தும் வேலையற்ற சிவதாணு, மாமனாரின் ஆதரவால் எதிர்காலம் சீர்ப்படும் என்ற நம்பிக்கையில் வசதியான வீட்டில் பெண்ணெடுக்கிறான். அவ்வீட்டில் அவனுக்கு உணவுண்டு, உடையுண்டு, மனைவியின் அன்பும் உண்டு; மதிப்பில்லை. பெறுவது கூடக்கூடத் தன்மானம் குறைகிறது என்பதே தலைப்பிலுள்ள தலைகீழ் விகிதம்.

சிவதாணு தனித்திருக்கும் காட்சிகளைவிட உறவினர் சூழ இருக்கும் காட்சிகளிலேயே அவனது தனிமை மிகுதியாக உணரப்படுகிறது. அவன் வாய்திறந்தால் நன்றிகெட்டவனாவான்; திறவாவிட்டால் தன்மானம் அற்றவனாவான். திரைக்குச் சூட்டிய புதிய தலைப்பு இந்தச் சொல்லப்படாமையைச் சுட்டுவதாகக் கொள்ளலாம். அவன் அவ்வீட்டை விட்டு வெளியேறுவதே தணிவின் தொடக்கம். வெளியேறிய பின் மனைவியின் துணையும் இல்லை. புறநிலையில் தனிமை கூடுகிறது, அகநிலையில் குறைகிறது. இறுதியில் மனைவி அவனை நாடி வரும்போது உறவு மாமனாரின் நிபந்தனையிலிருந்து விடுபடுகிறது.

இத்தீர்வில் ஒரு குறை உண்டு. கணவனின் தனிமை நீங்குவதற்குப் பார்வதி பிறந்த வீட்டை விட வேண்டியிருக்கிறது. அவள் இழப்பதைப் படம் விரிவாகக் கணக்கிலெடுக்கவில்லை. ஒருவர் தனிமை தணிய மற்றொருவர் இடம்பெயர்வதே விலையாகிறது.

ஒழிமுறி: விலகலால் தணியும் தனிமை

அவ்விடுபட்ட கணக்கை எடுத்துக்கொள்ளும் படம் 'ஒழிமுறி'. ஜெயமோகன் தம் வாழ்வனுபவக் கட்டுரைகளை அடியொற்றித் திரைக்கதை எழுத, மதுபால் இயக்கினார். உறவை முறித்துக்கொள்ளும் ஆவணத்தைக் குறிக்கும் வட்டாரச் சொல்லே தலைப்பு. முதுமையில் மீனாட்சிப்பிள்ளை தன் கணவர் தாணுப்பிள்ளையிடமிருந்து மணவிலக்குக் கோரி நீதிமன்றம் செல்கிறாள். மகன் சரத், தந்தை தரப்பு வழக்கறிஞரான பாலாவோடு பேசுகையில் மூன்று தலைமுறைக் கதை விரிகிறது.

தாணுப்பிள்ளையின் தாய் காளிப்பிள்ளை பழைய தாய்வழி அதிகாரத்தின் உருவம். அவள் கணவனாகிய வலிமைமிக்க மனிதன் அவ்வீட்டில் உரிமையற்றவன், வெளியேற்றப்படுகிறான். அதைக் கண்டு வளர்ந்த மகன், தனக்கும் அந்நிலை நேரும் என்ற அச்சத்தால் மனைவியை அடக்கி ஆள்கிறான். தந்தை, மகன் ஆகிய இரு பாத்திரங்களையும் லால் என்னும் ஒரே நடிகர் ஏற்றிருப்பது சிறப்பான உத்தி. வெளியேற்றப்பட்டவனின் முகமே வீட்டை ஆள்பவனின் முகமாகவும் தெரிகிறது. கொடுமைக்காரனாக மகனுக்குத் தோன்றிய தந்தை, வாசலில் நிற்க நேர்ந்த ஒருவனின் மகன் என்று பார்வையாளர்க்கு விளங்குகிறது. இவ்விளக்கம் கொடுமையை நியாயப்படுத்தவில்லை. அதன் வேரைக் காட்டுகிறது.

மீனாட்சிப்பிள்ளை வழக்குத் தொடுத்ததால்தான் நெடுங்காலம் பேசப்படாதவை பேசப்படுகின்றன. வீட்டுக்குள் அடங்கியிருந்த புலம்பு, கேட்பாருள்ள இடத்தில் முறையீடாகிறது. மகன் தந்தையைப் புரிந்துகொள்வதும் இவ்வழியேதான். எனவே இங்கு மணவிலக்கு உறவின் அழிவாக மட்டும் நிற்கவில்லை; பிறர் தயவில் இருந்தவள் தன் பெயரால் நிற்கும் நிலைக்கு மாறும் செயலாகவும் ஆகிறது. துணைவனைத் துறந்து தனித்து வாழ்வதற்கும், துணைவன் அருகிருக்கத் தனிமைப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் படம் தெளிவாக நிறுவுகிறது.

ஒப்பீடு

சிவதாணு, தாணுப்பிள்ளையின் தந்தை, மீனாட்சிப்பிள்ளை ஆகிய மூவரும் பிறர் வீட்டில் விருந்தினராய் வாழ்ந்தவர்கள். சிவதாணு தானே வெளியேறினான். தாணுப்பிள்ளையின் தந்தை வெளியேற்றப்பட்டான். மீனாட்சிப்பிள்ளை சட்டத்தின் வழி விலகினாள். முதலும் மூன்றும் தன் தெரிவால் நிகழ்ந்தமையால் தனிமையைத் தணித்தன. இரண்டாவது, பிறர் தெரிவால் நிகழ்ந்தமையால் அடுத்த தலைமுறைக்கு அச்சமாகக் கைமாறியது. வீட்டைவிட்டு நீங்கும் ஒரே செயல், நீங்குபவரின் உரிமைக்கேற்ப மருந்தாகவும் நோயாகவும் அமைவதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

முடிவுரை

இவ்விரு படங்களிலும் தனிமை தனிமனித மனத்தின் குறையன்று. குடும்ப அமைப்பு சிலருக்கு ஒதுக்கிய நிலை. ஆகவே அதன் தணிவும் ஆறுதல்மொழியாலோ புதிய துணையாலோ மட்டும் வருவதில்லை. சொல்லப்படாதது சொல்லப்படுவதும், வீட்டோடு உள்ள உறவு தன் தெரிவால் மாறுவதும் தேவைப்படுகின்றன. 'சொல்ல மறந்த கதை' இவற்றை ஆணுக்கு வழங்குகிறது. 'ஒழிமுறி' பெண்ணுக்கும் வழங்கி, அவளை ஒடுக்கிய ஆணின் தனிமையையும் கேட்கச் செய்கிறது. தமிழ்த் திரைப்பட ஆய்வில் தனிமையைக் காதலின் பகுதியாக மட்டும் காணாமல் உறவுமுறை, சொத்துரிமை, வாழிடம் ஆகியவற்றோடு இணைத்துக் காண்பது பயன்தரும் என்பதற்கு நாஞ்சில் நாட்டுச் சான்று வலுச்சேர்க்கிறது. மக்கள்வழியைப் பின்பற்றிய பிற வட்டாரங்களின் திரைப்படங்களில் வீட்டோடு மருமகன் சித்திரிக்கப்படும் முறையை இந்நோக்கில் ஆராய்வது அடுத்த பணியாக அமையலாம்.