டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்காரும் தம்பி, தங்கச்சிகளுக்கு

பெரம்பலூர், அரியலூர் நூலகங்களில் மேசை பிடித்துப் படிக்கும் பிள்ளைகளைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். பாதியில் நின்றவர்களைச் சோம்பேறி என்று ஊர் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலும் அவர்கள் போட்ட அட்டவணையில்தான் கோளாறு.

1. ஜனவரி 1-ஆம் தேதியை நம்பாதீர்கள். நம் பக்கம் ஆவணி, புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் மார்கழி, தையில்தான் அறுவடைக்கு வரும். புத்தாண்டன்று 'காலை 4 மணிக்கு எழுந்து எட்டு மணி நேரம் படிப்பு' என்று நோட்டில் எழுதியவன் அடுத்த வாரம் காட்டில் கதிர் ஒடித்துக்கொண்டிருப்பான். கதிர் அடிக்கிற மிஷின் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் வீடே களத்தில்தான். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலை. ஆகவே வீட்டு வேலை மாதங்களை முதலில் காலண்டரில் குறியுங்கள். அந்த மாதங்களில் நாளுக்கு இருபது கேள்வி பார்த்தால் போதும்.

2. ஒரு நாள் விட்டால் குடி முழுகிவிடாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் '21 நாள்' கணக்கை நம்பி, 22-ஆம் நாள் எழ முடியாமல் 'நமக்கு இது வராது' என்று புத்தகத்தைக் கட்டிவைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

3. 'நன்றாகப் படிக்கணும்' என்று எழுதாதீர்கள். 'சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டியதும், திண்ணையில், ஏழாம் வகுப்புத் தமிழில் ஒரு பாடம்' என்று எழுதுங்கள். இன்னது முடிந்ததும் இன்னது என்று முடிச்சுப் போட்டு வைத்தால் செய்து முடிப்பது கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் 1999-லேயே எழுதியிருக்கிறார்.

4. தமிழைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 150-க்கு 60 மதிப்பெண் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். தெரிந்ததுதானே என்று ஒத்திப்போடுவது, தெரியாததைக் கண்டு பயப்படுவதைவிட ஆபத்து.

5. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். கேட்பவர் பாராட்டிலேயே பாதி ஆசை தீர்ந்துவிடும்.

6. இது தங்கச்சிகளுக்கு. அண்ணன் படித்தால் டீ போட்டுக் கொடுக்கும் வீடு, நீங்கள் படித்தால் கழுவாத பாத்திரத்தைக் காட்டும். அதை உங்கள் மன உறுதிக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படிக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு அடுப்பை யார் பார்ப்பது என்று அம்மாவிடமும் அண்ணனிடமும் முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை அதற்குப் பிறகு. அண்ணனுக்குச் சோறு வடிக்கத் தெரியாதென்றால், அவனும் புதிதாகக் கற்றுக்கொள்ளட்டும்.