உண்டியும் மண்ணும்

பசித்த வயிறு கல்வியை நாடாது. இவ்வுண்மையை உணர்ந்தே, 1956 ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982 ஆம் ஆண்டில் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது.

பசி தீர்க்கும் உணவு மண்ணுக்கும் தீங்கு செய்யாதிருத்தல் வேண்டும். ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் செலவாகின்றது. ஆதலின், எறியப்படும் ஒவ்வொரு பிடி சோற்றோடும் உழவர் பாய்ச்சிய நீரும், சமையலாளர் எரித்த எரிபொருளும் வீணாகின்றன. அச்சோறு குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகுங்கால் மீத்தேன் என்னும் வாயு வெளிப்படும். அது கரியமில வாயுவினும் 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பற்றி வைக்கும் இயல்புடையது.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. அன்று வந்துள்ள மாணவர் தொகையை அறிந்து உலையில் அரிசி இடுதல் வேண்டும். மாணவர் முதலில் அளவாகப் பெற்று, போதாதாயின் மீண்டும் கேட்டுப் பெறலாம். காய்கறித் தோலைச் சருகுகளோடு குழியிலிட்டு மக்கச் செய்தால் நல்ல எருவாகும். அவ்வெருவையும், காய்கறி கழுவிய நீரையும் கொண்டு பள்ளித் தோட்டத்தில் முருங்கையும் கீரையும் வளர்க்கலாம். அவை மீண்டும் அடுக்களைக்கே வந்து சேரும்.

பசித்த பிள்ளைக்குக் குறைத்து அளித்தல் சிக்கனமாகாது. எவர்க்கும் பயன்படாது எறிதலை ஒழித்தலே சிக்கனமாம். மாணவர்களே, வயிறார உண்ணுங்கள். தட்டில் ஒரு பருக்கையும் எஞ்சாமல் உண்ணுங்கள்.