செகண்ட் ஹேண்ட் புல்லட்டும் பிரேக் போல்ட்டும்

கேள்வி: 2019 மாடல் புல்லட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அந்த மாடலில் பிரேக் குறை என்று கம்பெனியே திரும்ப அழைத்ததாமே? இப்போது போனால் காசு கேட்பார்களா? தினமும் தோல் மண்டிப் பக்கம்தான் ஓட்டுகிறேன்.
- வாசகர், ஆம்பூர்

பதில்: அழைத்தது உண்மைதான். 2019 மே மாதம், சுமார் 7,000 புல்லட், புல்லட் எலக்ட்ரா வண்டிகளை பிரேக் காலிப்பர் போல்ட்டுக்காக ராயல் என்ஃபீல்டு அழைத்தது. மார்ச் 20 முதல் ஏப்ரல் 30 வரை தயாரானவை மட்டும். அழைப்பு முதல் ஓனருக்குத்தான் போயிருக்கும். விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்! ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், போல்ட் மாற்றியாயிற்றா என்று பார்த்துச் சொல்வார்கள். ரீகால் வேலைக்குக் கட்டணம் கிடையாது.

மண்டி என்றதும் இன்னொன்று. 2020-இல் ஐரோப்பாவிலும் கொரியாவிலும் ஹிமாலயன், இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி என்று சுமார் 15,200 வண்டிகளை இதே கம்பெனி அழைத்தது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு காலிப்பரை அரித்ததுதான் காரணம். உப்புத் தோல் லாரி சொட்டும் தண்ணீரும் உலோகத்துக்கு ஆகாது. காலிப்பரை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நியூட்ரலில் தள்ளும்போது சக்கரம் இறுகி இழுத்தால், பிஸ்டன் சிக்கியிருக்கலாம். அப்படியே ஓட்டாதீர்கள், உடனே காட்டுங்கள்.