புயல் வருமுன் வீட்டின் ஆயத்தம்

கேள்வி: ஒக்கியைப் போன்ற புயல் மீண்டும் வருமானால், ஒரு குடும்பம் எவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்?
– வாசகர், புதுக்கடை

பதில்: 2017 நவம்பர் 30 அன்று குமரி மாவட்டத்தைத் தாக்கிய ஒக்கி, குறுகிய நேரத்திலேயே வலுவடைந்த புயல் என்பதால், எச்சரிக்கை வந்தபின் ஆயத்தமாகலாம் என்னும் எண்ணம் போதாது என்பதை அது தெளிவாக உணர்த்தியது. ரப்பர், வாழை, தென்னை ஆகியவற்றோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் தடைபட்டது. மின்சாரம் நின்றால் மோட்டாரும் நின்றுவிடுமாதலால், கிணறு உள்ள வீட்டிலும் கயிறு, வாளி, கப்பி ஆகியவை பயன்படும் நிலையில் இருப்பது இன்றியமையாதது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் வீதம், குறைந்தது மூன்று நாளுக்குரிய குடிநீரை மூடிய பாத்திரங்களில் சேமிப்பது நன்று. வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் குளோரினேற்றம் செய்த பின்னரே, அதாவது பிளீச்சிங் பவுடரை உரிய அளவில் கலந்து கிருமிகளை அழித்த பின்னரே, கொதிக்கவைத்துப் பருக வேண்டும்.

அவசரகாலப் பை என்பது, வீட்டைவிட்டு உடனே வெளியேற நேர்ந்தால் கையில் எடுத்துச் செல்வதற்கெனக் கட்டிவைக்கப்படும் பையாகும். குடும்ப அட்டை, ஆதார், நிலப்பத்திரம் ஆகியவற்றின் நகல்கள், அன்றாட மருந்துகள், டார்ச், பேட்டரி வானொலி, சிறிது ரொக்கம் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். காற்று வலுக்கும் முன்னரே மெயின் சுவிட்சை அணைப்பதும், அறுந்து கிடக்கும் மின்கம்பியை எவரும் அணுகாமல் காப்பதும் உயிர் காக்கும் செயல்களாகும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆம்புலன்சுக்குரிய 108 ஆகிய எண்களை, சிறுவரும் முதியவரும் காணும்படி சுவரில் எழுதிவைப்பது சிறந்தது.