பேக்கர் கற்ற பாடம்

கஞ்சிக்கோட்டில் நான் வீடு கட்டத் தொடங்கியபோது, "எலிப்பொறிக் கட்டு போதும் சார்" என்றார் மேஸ்திரி. உள்ளே வெற்றிடம் விட்ட சுவர் நிற்குமா என்று தயங்கினேன். அதைப் பற்றிப் படித்த பிறகே சம்மதித்தேன்.

இம்முறையைக் கேரளத்தில் பரப்பியவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்த குவேக்கர் கிறிஸ்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்தாமல், மருத்துவத் தொண்டராகச் சீனா சென்றார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். கேரளத்து மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பித்தோராகரிலும் பின்பு இடுக்கி எல்லை வாகமண்ணிலும் தொண்டு செய்து, இறுதியில் திருவனந்தபுரத்தில் குடியேறினார்; 2007இல் அங்கேயே மறைந்தார்.

மலைமக்கள் கல்லாலும் மண்ணாலும் கட்டுவதைக் கண்டு, உதவ வந்தவரே மாணவரானார்.

எலிப்பொறிக் கட்டில் செங்கற்களைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டு அடுக்குவார்கள். செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாகும். வெயிலின் சூடும் எளிதில் உள்ளே இறங்காது.

வாளையாரைத் தாண்டிப் பிழைக்க வந்த நமக்கும் இது பாடமல்லவா? பல்லாண்டு இங்கிருந்தும் மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். அந்தச் சுவரைப் பார்த்து வெட்கப்பட்டு, இவ்வாண்டு என் மகனிடமே அரிச்சுவடி கற்கத் தொடங்கியிருக்கிறேன்.